மண்ணைத் துளைக்கும் முன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையிலே வழக்கமாகச் சிலம்பின் சுவையும் கம்பனின் நயமும் பேசப்படும். இவ்வாண்டு கல்லையும் மண்ணையும் பற்றிப் பேச ஒருவனை அழைத்தீர்கள். நிலநூல் கற்று, அத்துறையிலேயே வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டவன் நான். சொல்லழகை என்னிடம் எதிர்பார்க்க வேண்டா. கண்டதையும் கற்றதையும் ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் கனிவளத் தேடல். சுரங்கம் என்றால் என்னவென்று இங்குள்ள குழந்தைகளுக்கும் தெரியும். நம்மில் பலருடைய பாட்டனார் கோலார் தங்க வயலிலே உழைத்தவர். ஆனால் சுரங்கத்திற்கு முன்னே நடக்கும் தேடல் பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. முதலில் ஒருவர் சுத்தியலும் வரைபடமுமாக வருவார்; ஓடை மணலை அள்ளிச் சிறு பைகளில் கட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார். அடுத்த ஆண்டு நால்வர் வந்து நீண்ட பள்ளங்கள் வெட்டிப் பாறையின் போக்கைப் பார்ப்பர். அதன் பின்னர்த் துளையிடும் எந்திரம் ஏறி வருவதற்காக மலைச் சரிவிலே பாதை ஒன்று வெட்டப்படும். வைரத்துகள் பதித்த முனை சுழன்று சுழன்று பாறையைக் குடைந்து, உருண்டையான நீண்ட கல்தண்டாக அதனை மேலே கொணரும். சில இடங்களில் நூறு மீட்டர், சில இடங்களில் பல நூறு மீட்டர். முனை சூடேறாமல் இருக்கத் தண்ணீர் வேண்டும்; அருகில் ஓடை இருந்தால் அங்கிருந்தே எடுப்பர். கல்தண்டுகளைப் பெட்டியில் அடுக்கி, எண்ணிட்டு, ஊருக்கு எடுத்துச் செல்வர்.

இவ்வாறு தேடப்படும் இடங்களுள் மிகச் சிலவே சுரங்கமாக மாறும். ஆகவே எங்கள் துறையினரிடம் ஒரு சமாதானம் எப்போதும் உண்டு: "நாங்கள் பார்க்கத்தானே வந்தோம், தோண்டவா வந்தோம்?" நானும் அதனைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதிலே பாதி உண்மை உண்டு. மற்றப் பாதி யாதெனின், தேடலின்போதே அந்த நிலத்தின் கணக்கு எழுதப்பட்டுவிடுகிறது. எத்தனை டன், எவ்வளவு ஆழம், என்ன விலை பெறும் என்ற அறிக்கை வந்துவிடுகிறது. அறிக்கையைத் தொடர்ந்து ஏலம். ஏலத்தைத் தொடர்ந்து முதலீடு. அவ்வளவும் ஆன பிறகு அங்கே வாழ்பவனிடம் போய், "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டால், அவன் எந்த விடை கூறினாலும் ஒருவருக்குப் பகையாகிறான். கேட்க வேண்டிய காலம் துளை போடுவதற்கு முன்னரே ஆகும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவே.

கோலாரையே முதலில் பார்ப்போம். அங்கே பொன் உண்டு என்பதை வெள்ளைக்காரர் கண்டுபிடித்தார் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். 1802-ஆம் ஆண்டு, மைசூர் நாட்டின் கிழக்கெல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற படை அதிகாரி, இப்பக்கத்து மண்ணில் பொன் கிடைக்கிறதாம் என்ற பேச்சைக் கேட்டார். கேட்டு வந்து பார்த்தபோது, ஊர்ப் பெண்கள் மண்ணைக் கழுவிப் பொற்றுகள் எடுப்பதைக் கண்டார். மாரிக்குப்பத்திலோ, ஆண்கள் குழிக்குள் இறங்கிக் கல்லை உடைத்து மேலே அனுப்ப, பெண்கள் அதனை இடித்து அரைத்துக் கழுவினார்கள். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த ஏழை மக்கள் அவர்கள். அவர் கண்டது அவர்கள் ஏற்கெனவே கண்டதைத்தான்! பின்னர் 1871-இல் மைக்கேல் லாவெல் என்பவர் வந்தார். 1875-இல் உரிமம் பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் நுழைந்தனர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் வயல் மூடப்படும் வரை எண்ணூறு டன்னுக்கும் மேற்பட்ட பொன் வெளியேறிற்று. இவையெல்லாம் ஏட்டில் உண்டு. வாரனுக்கு வழிகாட்டிய பெண்களின் பெயர் ஏட்டில் இல்லை. அவர்களுக்கு உரிமமும் இல்லை, பங்கும் இல்லை.

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் அங்கே வந்தது அதன் பிறகு. அவர்கள் பட்ட பாட்டை இங்கு விரிக்கப் புகுந்தால் பொழுது போதாது. சயனைடு கலந்த மண்மேடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. காற்றடித்தால் வீட்டுக்குள் அந்தத் தூசி வருவதை இங்கிருக்கும் சிலர் நேரில் அறிவீர்கள்.

இனி, கோலாரை விட்டு நமக்கு இன்னும் அருகில் உள்ள ஓரிடத்திற்கு வருவோம். மைசூரிலிருந்து குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாகக் கூடலூர் சென்று, அங்கிருந்து சிறிது தொலைவு போனால் தேவாலா, பந்தலூர். இன்று தேயிலைத் தோட்டமாகக் காட்சி தரும் அந்த மலைச் சரிவுகளில் 1880-ஐ ஒட்டிப் பெரியதொரு பொன் வேட்டை நடந்தது. நம் மக்களுள் பலர் இதனை அறியார்.

அந்த நாட்டில் ஓடை மணலைக் கழுவிப் பொன் எடுக்கும் வழக்கம் குறும்பர், பணியர் முதலிய மலைவாழ் மக்களிடையே நெடுங்காலமாக இருந்தது. வெண்கல்லாகிய பாறைத் தளங்களில் பழைய குழிகளும் காணப்பட்டன. அவை குறும்பர் தோண்டியவை என்றே வந்தவர்களும் கருதினர். 1879-இல் அரசினர் ஆஸ்திரேலியாவிலிருந்து ராபர்ட் பிரவ் ஸ்மித் என்ற வல்லுநரை வருவித்தனர். அவர் விக்டோரியா மாநிலத்தில் சுரங்கத் துறையின் செயலாளராக இருந்தவர். அதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. அம்மாநிலத்துப் பழங்குடி மக்களின் வாழ்க்கையையும் வழக்கங்களையும் தொகுத்து 1878-இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டவரும் அவரே! பழங்குடி மக்களைப் பற்றி அத்துணை அறிந்த ஒருவர் குறும்பர் நாட்டிற்கு வந்தார். பழங்குழிகள் இருந்த இடங்கள் அவருக்கு வழிகாட்டின. 1880-இல் அறிக்கை வெளியாயிற்று. அது நிலத்தைப் பற்றிய அறிக்கை. அந்த நிலத்தில் யார் வாழ்கிறார், தேடலுக்கு அவர் இசைந்தாரா என்ற கேள்வியை எழுப்ப வேண்டும் என்று அக்காலத்தில் எவர்க்கும் தோன்றவில்லை. அறிவு இருந்தது, கேட்கும் வழக்கம் இல்லை.

அறிக்கை கண்ட இலண்டன் மாநகரத்துப் பணக்காரர் மயங்கினர். கம்பெனிகள் மழைக்காளான் போல் முளைத்தன. பெரும் பொருளைச் செலவிட்டுக் கல்லிடிக்கும் எந்திரங்களை மாட்டு வண்டியிலேற்றி மலைமேல் கொண்டுவந்தனர். சில எந்திரங்கள் ஒரு நாளேனும் ஓடினவோ என்பது ஐயமே. எதிர்பார்த்த பொன் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் அக்கம்பெனிகளில் பெரும்பாலானவை சரிந்தன. பங்கு வாங்கியவர் பணத்தை இழந்தனர். பணத்தை இழந்தவரின் கதையை நூலாசிரியர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். காட்டை இழந்தவரின் கதையை எழுதியவர் இலர். பணியரோ, நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றப்பட்ட அடிமைக் குடிகளாக இருந்தவர்கள். பொன்னுக்காகத் திறக்கப்பட்ட காடு பின்னர்த் தோட்டமாயிற்றே அன்றி அவர்கள் கைக்குத் திரும்பவில்லை. கைவிடப்பட்ட குழிகள் மட்டும் மூடப்படாமல் கிடந்தன. அவற்றுள் பொன் தேடி இறங்கி மூச்சடைத்தும் மண் சரிந்தும் மாண்டவர்களைப் பற்றிய செய்தி நம் காலத்திலும் நாளிதழில் வந்ததுண்டு. தேடல் தோற்றாலும் அதன் தழும்பு ஆறுவதில்லை என்பதற்குத் தேவாலாவைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

"அது வெள்ளைக்காரன் காலம், இப்போது சட்டம் இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

சட்டம் இருக்கிறது. 2006-இல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் மக்களின் கிராம சபைக்குத் தம் காட்டையும் பண்பாட்டையும் காக்கும் அதிகாரத்தை அளித்தது. அதன் வலிமையை நாடு முழுவதும் உணர்ந்தது ஒடிசாவின் நியமகிரியில். அம்மலையின் உச்சியில் எழுபது மில்லியன் டன்னுக்கும் மேற்பட்ட பாக்சைட் உண்டு என்பது தேடலின் கணக்கு. அம்மலை தங்கள் நியமராஜா வீற்றிருக்கும் இடம் என்பது டோங்ரியா கோந்த் மக்களின் கணக்கு. குறிஞ்சி நிலத்திற்கு ஒரு தெய்வத்தை வைத்துப் பாடிய நமக்கு இது புரியாத செய்தியன்று. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கிராம சபைகளே இதனை முடிவு செய்யட்டும் என்று தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒருவர் உடனிருந்து பார்க்க, அவ்வாண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் பன்னிரண்டு சிற்றூர்கள் கூடின. பன்னிரண்டும் வேண்டா என்றன. 2014 ஜனவரியில் நடுவண் அரசு அனுமதி மறுத்தது. நல்ல முடிவே. ஆனால் மலையடிவாரத்து லாஞ்சிகரில் அலுமினா ஆலை 2007-லேயே இயங்கத் தொடங்கிவிட்டது! மலையைக் கேட்பதற்கு ஆறாண்டு முன்னரே ஆலை எழுந்துவிட்டது. அதனால்தான் அந்தக் கேள்வி அத்தனை ஆண்டுப் போராட்டமாக முற்றியது.

தேடலின் தொடக்கத்திலேயே மக்கள் குரல் எழுந்த நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. தெலுங்கானாவில் நல்லமலைக் காட்டிலே செஞ்சு மக்கள் வாழ்கின்றனர். 2019-இல் அங்குள்ள அம்ராபாத் புலிகள் காப்பகத்துள் 83 சதுர கிலோமீட்டர் பரப்பில் யுரேனியம் தேடுவதற்குக் கொள்கையளவில் இசைவு அளிக்கப்பட்டது. ஏறத்தாழ நாலாயிரம் துளைகள் போடுவது திட்டம். 'பார்க்கத்தானே வருகிறோம்' என்ற சமாதானத்தை இந்த எண்ணோடு வைத்து எண்ணிப் பாருங்கள். நாலாயிரம் துளை என்றால் நாலாயிரம் இடத்திற்கு எந்திரம் போக வேண்டும். போவதற்குப் பாதை வேண்டும். தேனும் கிழங்கும் தேடி அதே தடங்களில் நடப்பவர் செஞ்சுக்கள். அவர்களும் அவர்களோடு ஏனையோரும் எதிர்த்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் மாநிலச் சட்டமன்றம் ஒருமனதாக எதிர்ப்புத் தீர்மானம் இயற்றியது.

அதற்குப் பின்னர் சட்டம் எத்திசையில் சென்றது? 2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினர். நடுவண் அரசு விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, காட்டில் நடக்கும் கனிவளத் தேடலைக் காடல்லாத பயனாகக் கருத வேண்டுவதில்லை என்ற வழி அதில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு சுரங்கச் சட்டத்தையும் திருத்தி, லித்தியம், தாமிரம், பொன் உள்ளிட்ட 29 கனிப்பொருள்களுக்குத் 'தேடல் உரிமம்' என்று புதியதோர் உரிமத்தைத் தனியார்க்கும் ஏற்படுத்தினர். இவ்வுரிமத்தின் உள்ளமைப்பைச் சற்றே கவனிக்க வேண்டும். தேடுபவருக்குக் கூலி எங்கிருந்து வருகிறது? அவர் தேடிக் கண்ட இடம் பின்னர்ச் சுரங்கமாக ஏலம் போனால், சுரங்கம் நடத்துபவர் செலுத்தும் ஏலத் தொகையில் ஒரு பங்கு இவருக்குச் சேரும். சுரங்கம் எழவில்லையேல் அப்பங்கு இல்லை. இந்நிலையில், "இம்மலையில் தோண்டாதிருப்பதே நன்று" என்று எழுதும் தேடுநர் எத்தனை பேர் இருப்பார்கள்? எங்கள் தொழிலாளர் நேர்மையில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆயினும் நேர்மைக்கு எதிராகவே கூலியை அமைத்துவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது முறையன்று. 2025 செப்டம்பரிலோ, அணுக் கனிமங்களும் இன்றியமையாக் கனிமங்களும் எடுக்கும் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்தே விலக்கு அளித்தார்கள். தொடக்கத்தில் கேட்பது ஒருபுறம் இருக்க, முடிவில் கேட்பதும் குறைந்து வருகிறது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நாட்டிற்குக் கனிப்பொருள் வேண்டும். உங்கள் சட்டைப் பையிலே உள்ள தொலைபேசிக்கும், தெருவில் ஓசையின்றி ஓடும் மின் வண்டிக்கும் லித்தியம் வேண்டும். நம் பக்கத்து மண்டியா மாவட்டத்தின் மார்லகல்லாப் பகுதியில் அணுக் கனிம இயக்ககத்தார் தேடி, 1,600 டன் லித்தியம் இருக்கக்கூடும் என்று 2021-இல் அறிவித்தனர். பிற நாட்டில் யாரோ ஒரு மலைவாசியின் நிலத்தில் தோண்டி நமக்கு அனுப்பட்டும், நம் மலை மட்டும் தூய்மையாக இருக்கட்டும் என்பது நேர்மையாகாது. தேடவே கூடாது என்று நான் கூறவில்லை. கோலாரின் சோறுண்டு வளர்ந்த குடும்பங்களின் முன் நின்று அவ்வாறு கூற எனக்கு வாயும் வராது.

நம் ஊர்ச் செய்தி ஒன்று. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டிப் பகுதியில் டங்ஸ்டன் எடுக்க 2024 நவம்பர் 7-ஆம் நாள் ஏல முடிவு அறிவிக்கப்பட்டது. ஏலம் முடிந்த பிறகே ஊரார் விழித்துக்கொண்டனர். ஆயினும் என்ன எழுச்சி! குடைவரைக் கோயிலும், சமணர் படுகையும், தமிழ் எழுத்தும் உள்ள மலை என்று நாடே பேசிற்று. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 23-ஆம் நாள் ஏலமே இரத்தாயிற்று. மூன்று மாதம்கூட ஆகவில்லை. நம் சங்கத்திலும் இனிப்பு வழங்கி மகிழ்ந்தோம். அன்றிரவு எனக்கு ஓர் எண்ணம் உறுத்திற்று. அரிட்டாபட்டிக்குக் கல்வெட்டு இருந்தது, நாளிதழ் இருந்தது, வாக்குரிமையின் பலம் இருந்தது, கோடிக்கணக்கானோர் பேசும் ஒரு மொழி இருந்தது. எழுத்தில்லாத மொழி பேசும் நாற்பது வீட்டுச் சிற்றூருக்கு அதே செய்தி வந்தால், மூன்று மாதத்தில் யார் காதில் விழும்?

இக்கேள்வி நம்மை விட்டுத் தொலைவில் இல்லை. மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவன்கோட்டைக் காடுகளில் ஜேனு குருபரும் பெட்ட குருபரும் வாழ்கின்றனர். கிழக்கே பிளிகிரி ரங்கன் மலையில் சோலிகர். மலைமேலுள்ள ரங்கநாதரைச் சோலிகர் தங்கள் குலத்துப் பெண்ணை மணந்த உறவினராகவே கொண்டாடுகின்றனர். நாம் கோயிலுக்குப் போகிறோம், அவர்கள் மாப்பிள்ளை வீட்டிற்குப் போகிறார்கள்! அம்மலையிலே அவர்கள் வழிபடும் இடங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. கல், மரம், அருவி, புற்று என்று வெளியாரின் கண்ணுக்கு அவை வெறும் காடு. ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து சோலிகர் தாமே நடந்து காட்டி அவ்விடங்களுக்கு வரைபடம் எழுதினார்கள். 2011-இல் புலிகள் காப்பகம் ஒன்றினுள் சமுதாய வன உரிமையைப் பெற்ற முதல் மக்களும் அவர்களே.

கன்னட நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆகவே ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் பழங்குடிப் பகுதிகளுக்கு உள்ள 1996-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தின் காப்பு இங்குள்ளவர்க்கு இல்லை. தமிழ்நாட்டிலும் அதே நிலை. வன உரிமைச் சட்டம் ஒன்றே அவர்களுடைய கதவு.

பொறுப்புள்ள தேடல் எப்படி இருக்கும் என்று இளைஞர்கள் கேட்கலாம். எந்திரம் ஏறுமுன் ஒருவர் வெறுங்கையோடு போக வேண்டும். அவர்கள் மொழியிலே, எத்தனை துளை, எவ்வளவு ஆழம், எந்த ஓடைத் தண்ணீர், எத்தனை நாள், கிடைத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். கேட்ட மறுநாளே கையொப்பம் வாங்கக் கூடாது. அவர்கள் தமக்குள் பேசி முடிக்க ஒரு பருவம் ஆனாலும் பொறுக்க வேண்டும். எந்த இடத்தில் கால் வைக்கலாகாது என்பதை அவர்கள் வரைந்து தர, அதன்மேல்தான் நம் வரைபடத்தை வரைய வேண்டும். துளையிடுமுன்னும் பின்னும் ஊற்றுநீரைச் சோதித்து முடிவை அவர்களிடமே தர வேண்டும். போட்ட துளையைச் சிமிட்டியால் அடைத்து, வெட்டிய பாதையை மூடிவிட்டு வர வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் 'இனி வேண்டா' என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும். தேடல் காலத்தில் அவர்களுக்கு ஒரு பங்கும் வேண்டும். 2015-இல் ஏற்பட்ட மாவட்டக் கனிம நிதியோ சுரங்கம் தொடங்கிய பிறகு செலுத்தப்படும் தொகையைக் கொண்டே நிரம்புகிறது.

இவை நடக்காத கற்பனையல்ல. 2007-இல் ஐக்கிய நாடுகள் சபையில் நம் நாடும் ஆதரவாக வாக்களித்த பிரகடனம், முன்கூட்டியே அறிவித்து, நெருக்குதலின்றிப் பெறும் ஒப்புதலைத்தான் சொல்கிறது. ஆனால் தாளில் உள்ள ஒப்புதலும் போதாது. 2020 மே மாதம் ஆஸ்திரேலியாவின் ஜூகன் கணவாயில், 46,000 ஆண்டுக்கு முன்னரே மனிதர் தங்கிய பாறைக் குகைகளை இரும்புத் தாதுக்காக ரியோ டின்டோ கம்பெனி வெடி வைத்துத் தகர்த்தது. சட்டப்படி அனுமதி இருந்தது! நாட்டின் சீற்றம் தாங்காமல் அக்கம்பெனியின் தலைமை நிர்வாகி உள்ளிட்ட மூவர் பதவி இழந்தனர். குகை திரும்பவில்லை.

நம் நகரத்திற்கு ஒரு தனிப் பேறு உண்டு. மானசகங்கோத்திரியில் பல்கலைக் கழகத்தின் நிலநூல் துறை இருக்கிறது. 1969-இல் தோன்றிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அங்கேயே இருக்கிறது. எழுத்தில்லாப் பழங்குடி மொழிகளை ஆராய்வது அதன் பணிகளுள் ஒன்று. மாநிலப் பழங்குடி ஆராய்ச்சி நிலையமும் மைசூரிலேதான். நம் பிள்ளைகள் இம்மூன்றிலும் பயில்கின்றனர், பணியாற்றுகின்றனர். துளைமுனை என்பதற்கும், கல்தண்டு என்பதற்கும், ஏலம் என்பதற்கும், 'வேண்டா என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு' என்பதற்கும் ஜேனு குருபர் மொழியில் எப்படிச் சொல்வது என்று ஒரு சிறு கையேடு எழுத இம்மூன்று இடத்தாரும் ஓராண்டு ஒன்றாக உட்கார்ந்தால் போதும். அச்சிடும் செலவைச் சங்கம் ஏற்குமா என்று செயலாளரிடம் சற்று முன்னர்க் கேட்டேன். செயற்குழுவில் வைக்கிறேன் என்றார். பொருளாளர் முகத்தை நான் பார்க்கவில்லை.